கொதிநீர்ச் சுனைகளின் நாட்டிலே

தீயும் நீரும் தம்முட் பகை என்பர். அப்பகையிரண்டும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் நிலம் ஒன்றைக் காண விழைவோர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்கு மலைநாட்டிலுள்ள யெலோஸ்ரோன் வனத்திற்குச் செல்லல் வேண்டும். வயோமிங் மாநிலத்திற் பெரும்பகுதியும், மொன்ரானா, ஐடாகோ ஆகிய மாநிலங்களிற் சிறுபகுதியுமாக ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீற்றர் பரந்து கிடக்கும் இவ்வனம், நம் இலங்கைத் தீவின் ஏழிலொரு பங்கு பரப்புடையது. 1872ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதலாந் திகதி, அந்நாட்டின் தலைவராயிருந்த யுலிசிஸ் கிறாண்ட் என்பார் ஒப்பமிட்ட சட்டத்தால் இஃது எல்லா மக்களுக்கும் உரிய பொதுச்சொத்தாயிற்று. உலகில் முதன்முதல் எழுந்த தேசியப் பூங்கா இதுவே என்பர்.

இவ்வனத்தை நாடிச் செல்வோர் ஆண்டுதோறும் பல இலட்சம் பேர். விண்ணோக்கிப் பீறிடும் வெந்நீரைக் காண்பதற்கென்றே செல்வோர் பலர். மந்தை மந்தையாய்த் திரியும் காட்டெருதுகளையும் கரடிகளையும் காணச் செல்வோர் சிலர். நாம் சென்றதற்குக் காரணம் வேறொன்று. கொதிக்குந் தறுவாயிலுள்ள நீரில் உயிர் வாழ்கின்றது என்று படித்திருந்தோம்; அவ்வுயிரின் வரலாறு நம் வீட்டு வாயில் வரை வந்து சேர்ந்த கதையையும் கேட்டிருந்தோம். அது பிறந்த இடத்தை ஒருமுறை கண்ணாற் காணவேண்டும் என்னும் அவா நெடுநாளாக இருந்தது. எம்முடன் எம் துணைவியாரும், பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயிலும் எம் பெறாமகள் ஒருத்தியும் வந்தனர். “கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காண்பதற்கு இத்தனை காசு செலவழித்துப் போகின்ற ஆட்கள் நாங்கள் மட்டுந்தான்” என்று துணைவியார் நகைத்ததும் இங்கே குறிப்பிடத்தக்கது.

பூமியின் உலைமுகம்

மேற்கு வாயில் வழியாக வனத்தினுட் புகுந்து, ஊசியிலை மரங்களினூடே சென்று, பயர்ஹோல் என்னும் ஆற்றின் கரையை அடைந்தோம். வழிநெடுகிலும் சில இடங்களிற் பழைய மரங்கள் கரிந்து சாய்ந்து கிடக்க, அவற்றிடையே ஒத்த உயரமுடைய இளமரங்கள் நெருங்கி நிற்கக் கண்டோம். 1988ஆம் ஆண்டு மூண்ட பெருந்தீயில் இவ்வனத்தின் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட பரப்பு எரியுண்டது. அதன்பின் முளைத்தெழுந்தவையே அவ்விளமரங்கள்.

ஆற்றங்கரையை அணுகியதும் கந்தக மணம் மூக்கைத் துளைத்தது. வயற்காட்டில் எருக்குவியல் புகைவதுபோலத் தரையின் பல இடங்களினின்றும் வெண்ணிற ஆவி எழுந்தவண்ணம் இருந்தது. இந்நிலத்தின் அடியில் ஓர் எரிமலை உண்டு. ஏறக்குறைய 640,000 ஆண்டுகளின் முன் அது பெரிதாக வெடித்து ஓய்ந்தது. எனினும் அதன் உள்வெப்பம் இன்னும் தணிந்திலது. மழைநீரும் பனிநீரும் நிலத்தினுள்ளே ஊறிச் சென்று, அவ்வெப்பத்தாற் காய்ந்து, பாறைப் பிளவுகளின் வழியே மீண்டும் மேலெழுகின்றன. இங்ஙனம் எழுந்த ஊற்றுக்களும் சேற்றுக் குழிகளும் ஆவித்துளைகளும் இவ்வனத்தில் 10,000க்கு மேல் உள்ளன. கெய்சர் என்று ஆங்கிலத்தார் வழங்கும் பீறிடும் ஊற்றுக்களோ 500க்கு மேற்பட்டவை. உலகத்திலுள்ள அத்தகைய ஊற்றுக்களிற் பாதியளவு இங்கேதான் உள என்பர்.

அவற்றுட் புகழ் மிக்கது ஓல்ட் பெயித்புல் என்பது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற்கு ஒருமுறை அது பொங்கி, முப்பது முதல் ஐம்பது மீற்றர் வரை நீரை வீசியெறிகின்றது. அதனைச் சுற்றிப் போடப்பட்ட வாங்குகளில் நூற்றுக்கணக்கானோர் அமைதியாக அமர்ந்து காத்திருந்தனர். நீர் எழுந்த கணத்திற் பல மொழிகளில் ஒரே வியப்பொலி எழுந்தது. இவ்விடம் கடல்மட்டத்திற்கு மேல் 2,200 மீற்றருக்கு அதிகமான உயரத்தில் இருப்பதால், காற்றின் அமுக்கம் குறைவு. ஆதலின் இங்கே நீர் 100 பாகை சதமவளவிற் கொதிப்பதில்லை. ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடுகின்றது. இவ்வெண்ணை வாசகர் மனத்திற் கொள்க. பின்னர் இது வேண்டப்படும்.

ஊற்றுக்களிடையே மரப்பலகைகளால் அமைத்த பாதைகள் உண்டு. அவற்றை விட்டு ஓரடியேனும் இறங்குதல் ஆகாது என்று எங்கும் அறிவித்தல்கள் நாட்டப்பட்டுள்ளன. மேலோடு மெல்லியது, அதன்கீழே கொதிநீர். இவ்வனத்தின் வெந்நீரில் வீழ்ந்து இறந்தோர் இதுவரை இருபதின்மருக்கு மேற்பட்டவர். அவ்வறிவித்தலைப் படித்த பின்னர் எம் துணைவியார் எமது கையை விடவேயில்லை.

நிறங்களின் வரிசை

கொதிநீர் கொல்லும் என்பது இங்ஙனம் தெளிவாக எழுதி வைக்கப்பட்ட இடத்திலே, கொதிநீரில் உயிர் தழைப்பதையும் கண்டோம். கிராண்ட் பிறிஸ்மாற்றிக் என்னும் பேரூற்று, குறுக்களவில் நூறு மீற்றருக்கு மேற்பட்ட ஒரு தடாகம். அதன் நடுவிடம் மயிற்கழுத்தின் நீலம். நடுவினின்றும் கரையை நோக்கி வர வர, பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், செங்கபிலம் என நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வளையமிட்டுக் கிடக்கின்றன. கோலமிடுவோர் வண்ணப்பொடியை வகுத்துத் தூவியதுபோன்ற ஒழுங்கு!

இந்நிறங்கள் கல்லின் நிறமல்ல, நீரின் நிறமுமல்ல. நடுநீலம் ஒன்றே தெளிந்த நீரினால் வருவது. ஏனையவெல்லாம் கோடானுகோடி நுண்ணுயிர்கள் விரித்த பாய்கள். நடுவிடத்து நீர் மிகச் சூடானது. கரையை அணுக அணுக ஆறுகின்றது. ஒவ்வொரு சூட்டிற்கும் உகந்த நுண்ணுயிர் ஒவ்வொன்று உண்டு; ஆகவே ஒவ்வொரு நிறமும் ஒரு வெப்பமானியின் கோடு எனலாம். ஒளியைக் கொண்டு உணவாக்கும் உயிர்கள் ஏறத்தாழ 73 பாகை வரை வாழும். அதற்கு மேற்பட்ட சூட்டில் அவற்றுக்கு இடமில்லை. அதனினும் சூடான நீரில் ஒளியை நம்பாத வேறு உயிர்கள் வாழ்கின்றன.

அத்தடாகத்தின் கரையில் நின்றபோதுதான் எம் பெறாமகள் ஒரு வினாவை எழுப்பினாள். “சித்தப்பா, டி.என்.ஏ. சூடேறினால் இரண்டாகப் பிரிந்துவிடும் என்று எங்களுக்குப் படிப்பிக்கின்றார்கள். அப்படியானால் இந்தத் தண்ணீருக்குள் இவை எப்படி உயிரோடு இருக்கின்றன?”

நல்ல வினா. இதற்கு விடை கூறப் புகுமுன், சூடு அவ்விழையை என்ன செய்கின்றது என்பதைத் தெளிதல் வேண்டும். அன்று பிற்பகல் மரநிழலிலிருந்து நாம் மூவரும் பேசியவற்றின் சாரத்தை இங்கே தருகின்றோம்.

இருபுரிக் கயிறு

உயிர்களின் ஒவ்வொரு கலத்தினுள்ளும் பரம்பரைச் செய்தியைத் தாங்கியிருப்பது டி.என்.ஏ. என்னும் மூலக்கூறு. இதன் வடிவத்தை 1953ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் வாற்சன், கிறிக் என்னும் இருவர் வெளியிட்டனர். றோசலின்ட் பிராங்கிளின் என்னும் பெண்மணியின் ஆய்வுகூடத்தில் எக்ஸ் கதிர் கொண்டு எடுக்கப்பெற்ற படங்கள் அவர்களுக்குப் பெருந்துணையாயின. இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய இருபுரிக் கயிறே இது. கயிற்றின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரை ஐந்து இலட்சமாகப் பகுத்தால் வரும் ஒரு கூறு.

ஒவ்வோர் இழையின் முதுகும் வெல்லமும் பொசுபேற்றும் மாறி மாறிக் கோத்த வலிய சங்கிலி. அதிலிருந்து உட்புறமாக நான்குவகை மூலங்கள் நீண்டு நிற்கும்: அடினின், தைமின், குவானின், சைற்றோசின். ஓரிழையின் அடினினுக்கு எதிரே மற்றையதில் தைமினே நிற்கும். குவானினுக்கு எதிரே சைற்றோசினே நிற்கும். எதிரெதிர் நிற்கும் இவை ஐதரசன் பிணைப்பு என்னும் மெல்லிய பற்றினாற் கைகோத்துள்ளன. அடினினும் தைமினும் கோத்த பற்று இரண்டு. குவானினும் சைற்றோசினும் கோத்த பற்று மூன்று. இதுவன்றி, நாணயங்களை அடுக்கியதுபோல மூலச்சோடிகள் ஒன்றன்மேலொன்றாக நெருங்கி அடுக்கப்பட்டிருப்பதும் கயிற்றை உறுதியாக்கும். இவ்வடுக்கின் வலிமையே பெரிது என்பது இன்றைய அறிஞர் கருத்து.

இனிச் சூட்டை ஏற்றுவோம். வெப்பம் என்பது மூலக்கூறுகளின் நடுக்கமேயன்றி வேறன்று. சூடு ஏற ஏற அந்நடுக்கம் மிகுகின்றது. முதலிற் கயிற்றின் நுனிகள் சற்றே பிரிகின்றன. பின்னர் அடினினும் தைமினும் மிகுந்துள்ள பகுதிகள், பற்றுக் குறைந்தவையாதலின், நடுநடுவே குமிழிபோல விரிகின்றன. அதன்மேலும் சூடேற்றினால், சில பாகை இடைவெளிக்குள்ளேயே கயிறு முழுவதும் அவிழ்ந்து, இரண்டு இழைகளும் தனித்தனியாகின்றன. இதனை ‘உருகுதல்’ என்று விஞ்ஞானிகள் வழங்குவர். பாதி அவிழ்ந்து நிற்கும் சூட்டை ‘உருகும் வெப்பநிலை’ என்பர்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவிழ்வது கைகோத்த பற்றும் அடுக்கும் மட்டுமே. இழையின் முதுகெலும்பாகிய சங்கிலி அறுவதில்லை. எழுத்துக்களின் ஒழுங்கும் குலைவதில்லை. புத்தகம் விரிந்ததேயன்றிக் கிழிந்திலது.

கண்ணுக்குத் தெரியாத இக்கயிறு அவிழ்ந்ததை எங்ஙனம் அறிவது? ஊதா கடந்த ஒளியை அந்நீரினூடே செலுத்துவர். அடுக்கி நெருங்கியிருக்கும் மூலங்கள் அவ்வொளியைக் குறைவாக உறிஞ்சும். அடுக்குக் குலைந்து தனித்தவுடன் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு அதிகமாக உறிஞ்சும். ஒளி உறிஞ்சப்படும் அளவைச் சூட்டோடு சேர்த்துக் கோடு கீறினால், சமநிலத்தினின்றும் திடீரென எழும் குன்றுபோல அது உயரும். அக்குன்றின் நடுச்சரிவே உருகும் வெப்பநிலை.

பிரிவும் கூடலும்

இத்துறையிற் பெரும்பணி ஆற்றியோர் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியஸ் மார்மர், போல் டோற்றி என்னும் இருவர். 1959க்கும் 1962க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், பற்பல உயிர்களின் டி.என்.ஏ.யைச் சூடாக்கிப் பார்த்து, குவானினும் சைற்றோசினும் எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்கு உருகும் வெப்பநிலையும் உயர்கின்றது என்று அவர்கள் நிறுவினர். அதற்கு எளியதொரு கணக்கும் தந்தனர். நம் குருதியின் உப்பினை ஓரளவு ஒத்த உப்புநீரில், அச்சோடி நூற்றுக்கு எத்தனை என்பதை 0.41 ஆற் பெருக்கி, 69.3ஐக் கூட்டினால் உருகும் வெப்பநிலை கிடைக்கும். மனிதரின் டி.என்.ஏ.யில் அச்சோடி நூற்றுக்கு 41 அளவில் உண்டு. ஆகவே அது ஏறத்தாழ 86 பாகையில் உருகும். உப்பைக் குறைத்தால் இவ்வெப்பநிலையும் குறையும். இரண்டு இழைகளும் எதிர் மின்னேற்றமுடையவை. ஆதலின் ஒன்றையொன்று தள்ளும். உப்பே இடைநின்று அப்பகையைத் தணிக்கின்றது.

இதைக் கேட்ட எம் துணைவியார், “அப்படியானால் காய்ச்சல் காய்ந்தால் உள்ளே அவிழ்ந்து போகாதோ?” என்று வினவினார். தாய்மார் அஞ்ச வேண்டியதில்லை. கடுங்காய்ச்சலும் 40 பாகையளவே. 86 எங்கே, 40 எங்கே! கடுஞ்சூட்டில் உயிர்களுக்கு முதலிற் கேடு வருவது பெரும்பாலும் டி.என்.ஏ.யின் வழியாகவன்று, புரதங்களின் வழியாகவும் கலத்தின் மென்சவ்வின் வழியாகவுமே.

புரதத்திற்கும் டி.என்.ஏ.க்குமுள்ள வேற்றுமையை அடுக்களையிலேயே காணலாம். முட்டையை அவித்தால் அதன் வெண்கரு இறுகிவிடும். ஆறவைத்தாலும் மீண்டும் நீராவதில்லை. டி.என்.ஏ.யோ அத்தன்மையதன்று. 1960ஆம் ஆண்டில் மார்மரும் டோற்றியும் அவர்தம் துணைவரும் கண்ட அற்புதம் இதுவே. நுமோனியாவை விளைக்கும் பற்றீரியாவின் டி.என்.ஏ.யைச் சூடாக்கி இழைகளைப் பிரித்தனர். ஒரு பகுதியைத் திடீரெனக் குளிரச் செய்தனர். அதன் இழைகள் பிரிந்தபடியே நின்றன. மற்றொரு பற்றீரியாவிற் புகுந்து அதன் இயல்பை மாற்றும் ஆற்றலைப் பெரும்பாலும் இழந்தன. மற்றொரு பகுதியை மெல்ல மெல்ல ஆறவிட்டனர். அங்கே பிரிந்த இழைகள், கோடிக்கணக்கான இழைகளின் கூட்டத்தினிடையே தத்தமக்குப் பொருந்திய துணையைத் தேடிக் கண்டு, எழுத்துக்கு எழுத்துச் சேர்த்து மீண்டும் முறுக்கிக்கொண்டன. இழந்த ஆற்றலிற் கணிசமான பங்கையும் மீளப் பெற்றன.

திருவிழாக் கூட்டத்திலே கைநழுவிய குழந்தை தாயைத் தேடிச் சேர்வதை நாம் கண்டதுண்டு. அதற்கும் சற்று நேரம் வேண்டும். சனம் நெருக்கித் தள்ளாத அமைதியும் வேண்டும். இவ்விழைகளுக்கும் அவ்வாறே. உருகும் வெப்பநிலையினும் 25 பாகையளவு குறைந்த சூடே அவை கூடுதற்கு உகந்தது. அச்சூட்டிற் பொருந்தாத துணைகள் ஒட்டி நிற்கமாட்டா, பொருந்தியவையே நிலைக்கும். கடுங்குளிரிலோ, தவறாக ஒட்டிக்கொண்டவை பிரிந்து மறுபடி தேடுதற்கு வலியற்று அப்படியே உறைந்துவிடும்.

காளான் ஊற்றின் உயிர்

மறுநாட் காலை, கீழ்க் கெய்சர் வெளி எனப்படும் பகுதியிற் பயர்ஹோல் ஏரிப் பாதை வழியே சென்றோம். பெரிய ஊற்றுக்களின் அருகில் ஊர்திகள் வரிசையாய் நின்றன. நாம் மனத்திற் கொண்டிருந்த மஷ்ரூம் ஸ்பிறிங், அஃதாவது காளான் ஊற்று, அப்பகுதியைச் சேர்ந்தது. எனினும் பயணிகள் நாடிச் செல்லும் பேரூற்றுக்களுள் அஃது ஒன்றன்று. பாதையை விட்டு இறங்குதல் தகாதாதலின், ஆவி எழும் அவ்வெளியைத் தொலைவிலிருந்தே நோக்கினோம்.

1964ஆம் ஆண்டு தோமஸ் புறொக் என்னும் நுண்ணுயிரியல் அறிஞர் இவ்வனத்தைக் காண வந்தார். இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்தவர் அவர். எல்லோரையும்போல ஊற்றுக்களைப் பார்த்தவர், எல்லோரும் பாராத ஒன்றையும் பார்த்தார். ஊற்றினின்றும் வழிந்தோடும் வாய்க்கால்களில், நீர் ஆற ஆற உயிர்களும் மாறி மாறி வரிசையாய் நிற்பதே அது. அடுத்தடுத்த கோடைகளிலும் அவர் வந்தார். அக்காலத்தில் வெப்பத்தை விரும்பும் பற்றீரியாக்களை ஆராய்ந்தோர் அவற்றை 55 பாகையளவிலேயே வளர்ப்பது வழக்கம். புறொக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் பிறீஸ் என்பாரும் 70 பாகையில் வளர்க்க முனைந்தனர். 1966ஆம் ஆண்டு காளான் ஊற்றினின்றும் எடுத்த மாதிரியில், அச்சூட்டிலே தழைத்து வளரும் ஒரு பற்றீரியா கிடைத்தது. அதற்கு ‘தேர்மஸ் அக்குவாற்றிக்கஸ்’ என்று பெயர் சூட்டி 1969இல் வெளியிட்டனர். பிறீஸ் அப்பொழுது இன்னும் பட்டம் பெறாத மாணவர் என்பதை எம் பெறாமகளுக்கு இருமுறை எடுத்துக் கூறினோம்.

இனி அவளுடைய வினாவுக்கு வருவோம். இப்பற்றீரியாவின் டி.என்.ஏ.யில் குவானின் சைற்றோசின் சோடி நூற்றுக்கு 68 அளவில் உண்டு. முன்சொன்ன கணக்கின்படி அதன் உருகும் வெப்பநிலை ஏறத்தாழ 97 பாகை. இம்மலையில் நீர் கொதிப்பதே 93 பாகையில் அன்றோ! ஆதலின் 70 பாகையில் அதன் கயிறு அவிழ இடமில்லை.

ஆயின் இஃதொன்றே விடையென்று கொள்ளல் ஆகாது. இதனினும் சூடான நீரில் வாழும் சில உயிர்களில் அச்சோடி குறைவாகவே உள்ளது. அவை வேறு காவல்களைத் தேடிக்கொண்டன. டி.என்.ஏ. இரு நுனியும் இணைந்த வளையமாயிருப்பின் எளிதில் அவிழாது. முறுக்கை விடுவிக்க நுனி இல்லையன்றோ? கலத்தினுள்ளுள்ள உப்புக்களும் புரதங்களும் அதனைத் தாங்கி நிற்கின்றன. இன்னும் ஒரு நொதியம், கயிறு திரிப்போன் மேலும் ஒரு முறுக்கு ஏற்றுவதுபோல, டி.என்.ஏ.யை அதன் முறுக்கின் திசையிலேயே இறுக்கிவிடுகின்றது. இந்நொதியத்தை 1984ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞராகிய கிக்குச்சி, அசாய் என்போர் கண்டறிந்தனர். அவர்கள் அதனைப் பெற்ற நுண்ணுயிரும் யெலோஸ்ரோன் வெந்நீரிலிருந்து புறொக்கின் குழுவினர் முன்னர்ப் பிரித்தெடுத்த இனமே. இவையெல்லாம் இருந்தும், சூடு இழையிற் சிறு சிறு சேதங்களை விளைத்தவாறே இருக்கும். அவற்றை ஓயாது செப்பனிடும் நொதியங்களும் அவ்வுயிர்களிடம் உண்டு.

ஊற்றிலிருந்து ஆய்வுகூடத்திற்கு

உயிர்க் கலம் பெருகும்போது டி.என்.ஏ.யைப் படியெடுப்பது ஒரு நொதியம். காளான் ஊற்றின் பற்றீரியாவிலுள்ள அந்நொதியத்தை, 1976ஆம் ஆண்டில் சின்சினாற்றிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலிஸ் சியன் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் பிரித்தெடுத்தனர். சூட்டிற் கெடாத நொதியம் என்னும் அளவிலேயே அது நின்றது.

1983ஆம் ஆண்டில், கலிபோர்னியாவில் சீற்றஸ் என்னும் நிறுவனத்திற் பணியாற்றிய கரி மலிஸ் என்பாருக்கு ஓர் எண்ணம் உதித்தது. சூடாக்கினால் இழைகள் பிரியும். ஆற்றினால் துணையோடு கூடும். அப்படியாயின், பிரிந்த இழைகளின் வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளத்தக்க சிறு துண்டுகளைச் சேர்த்து ஆறவிட்டால், அவ்விடத்திலிருந்து நொதியம் படியெடுக்கும். ஒன்று இரண்டாகும். மீண்டும் சூடாக்கினால் இரண்டு நான்காகும். இவ்வாறு முப்பதுமுறை செய்தால் ஓர் இழைத்துண்டு நூறுகோடிக்கு மேலாகப் பெருகும். அரசனிடம் சதுரங்கப் பலகையின் கட்டந்தோறும் நெல்லை இரட்டித்துக் கேட்ட புலவனின் கதையை இது நினைவூட்டுகின்றதன்றோ?

இவ்வெண்ணத்திற்கு ஒரு தடை இருந்தது. இழைகளைப் பிரிக்க 95 பாகையளவு சூடு வேண்டும். அச்சூட்டில் அவர்கள் முதலிற் பயன்படுத்திய நொதியம் அவித்த முட்டைபோற் கெட்டுவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்க்க நேர்ந்தது. அப்பொழுதுதான் கொதிநீர்ச் சுனையின் நொதியம் நினைவுக்கு வந்தது. 95 பாகையில் அரைமணி நேரத்திற்கு மேல் நின்றாலும் அது தன் வலிமையிற் பாதியையேனும் காத்துக்கொள்ளும். ஒருமுறை இட்டால் முப்பது சுற்றுக்கும் போதும். இம்முறையே பி.சி.ஆர். என்று இன்று உலகெங்கும் வழங்குவது. இதற்காக மலிஸ் 1993ஆம் ஆண்டு இரசாயனத்துக்கான நோபல் பரிசை மைக்கல் சிமித் என்பாருடன் பகிர்ந்துகொண்டார்.

நம் வாயிலில்

பி.சி.ஆர். என்னும் சொல்லை நம் இலங்கையில் அறியாத இல்லம் இல்லை. 2020ஆம் ஆண்டில் கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது, ஊரூராக மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்தனர். முடிவு வருமளவும் எத்தனை குடும்பங்கள் கதவடைத்துக் காத்திருந்தன! அந்நோய்க்கிருமியிடம் இருப்பது ஆர்.என்.ஏ.; அதனை முதலில் டி.என்.ஏ.யாக மாற்றி, பின்னர்ச் சூடாக்கியும் ஆற்றியும் பெருக்கிப் பார்த்தனர். அக்காத்திருப்பின் ஒரு பகுதி, ஒரு சிறு குழாயினுள்ளே இழைகள் பிரிந்தும் கூடியும் நின்ற நேரமே.

அதற்கு முந்திய துயர் ஒன்றையும் நம்மவர் மறந்திரார். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நம் கரைகளை வாரிச் சென்றது. கல்முனையில் உயிர்தப்பி மருத்துவமனை சேர்ந்த ஒரு கைக்குழந்தை யாருடையது என்னும் வினா நீதிமன்றம் வரை சென்றது. எழுதிவைத்த சான்று எதுவும் இல்லை; அலை கொண்டுபோய்விட்டது. பேசத் தெரியாத பாலகனை யார் விசாரிப்பது? மன்று டி.என்.ஏ. சோதனைக்குக் கட்டளையிட்டது. 2005ஆம் ஆண்டு பெப்ரவரியில் முடிவு வந்தது. குழந்தை பெற்றவளின் மடி சேர்ந்தது. பெற்றோரையும் பிள்ளையையும் ஒப்புநோக்கும் இத்தகைய சோதனைகள், சிறிதளவு இழையைச் சூட்டினாற் பெருக்கும் முறையையே பற்றி நிற்பவை. பிரிந்தவர் கூடுதற்குப் பிரிந்து கூடும் இழையே சான்றாகின்றது.

இதனை நாம் எடுத்துக் கூறியபோது, முதலில் நகைத்த எம் துணைவியார் நெடுநேரம் ஒன்றும் பேசாது ஆவி எழுந்த வெளியையே நோக்கி நின்றார்.

காக்கப்பட்டதன் பயன்

வனத்தை விட்டு நீங்குமுன், காலையில் மலரும் நீல மலரொன்றின் பெயர் பூண்ட மோர்ணிங் குளோரி என்னும் சுனையைக் கண்டோம். ஒருகாலத்தில் அது முழுவதும் நீலமாயிருந்தது. வந்தோர் காசுகளையும் கற்களையும் குப்பையையும் அதில் எறிந்தனர். 1950ஆம் ஆண்டில் அதன் நீரைப் பொங்கச் செய்து வெளியேற்றியபோது, ஏராளமான நாணயங்களும் கைக்குட்டைகளும் பிறவும் வெளிவந்தன. ஊற்றுக்கண் அடைபட்டதனால் நீரின் சூடு குறைந்தது. சூடு குறையவே, மஞ்சளும் செம்மஞ்சளுமான நுண்ணுயிர்கள் கரையினின்றும் உள்ளே நெருங்கின. நீலம் சுருங்கிப்போயிற்று. எறிந்த ஒவ்வொருவரும் ஒரு காசுதானே என்று எண்ணியிருப்பர்.

காளான் ஊற்றுக்கும் அக்கதி நேர்ந்திருக்கலாம். 1872இற் சட்டமியற்றியோர் பற்றீரியாவை நினைத்திலர், டி.என்.ஏ. என்னும் சொல்லையே அறிந்திலர். அழகும் வியப்பும் உள்ள நிலம் தனியார் கைப்படாது நிற்கட்டும் என்று மட்டுமே கருதினர். அவ்வாறு காத்து வைத்ததனாலேயே தொண்ணூற்று நான்கு ஆண்டுகளின் பின் ஓர் ஆசிரியரும் மாணவரும் அங்கே ஒரு குப்பியை நிரப்ப முடிந்தது.

வேறொரு வினாவும் எழுகின்றது. 1991ஆம் ஆண்டில் பி.சி.ஆர். முறையின் உரிமையை றோஷ் என்னும் மருந்து நிறுவனம் 30 கோடி டொலருக்கு வாங்கியது. அந்நொதியம் பிறந்த வனத்திற்கு அதிலிருந்து ஒரு பங்கும் கிட்டவில்லை. பின்னர் 1997இல், ஊற்றுக்களை ஆராய்ந்து பயன்பெறும் நிறுவனம் ஒன்றுடன் வனத்தார் உடன்படிக்கை செய்தனர்; அதனை எதிர்த்து வழக்கும் எழுந்தது. பொதுநிலத்து நுண்ணுயிர் யாருக்குரியது, அதனால் வரும் பொருள் யாருக்குரியது என்பது இன்று எல்லா நாடுகளும் எண்ண வேண்டிய வினா. காடும் கடலும் களப்பும் வாய்க்கப்பெற்ற நம் தீவும் இதற்குப் புறம்பானதன்று.

புறொக் 2021ஆம் ஆண்டு தம் முதுமையிற் காலமானார். அவர் அவ்வூற்றை நாடியபோது நோய் தீர்க்கும் மருந்தைத் தேடிலர், பொருளைத் தேடிலர், கொதிநீரில் உயிர் எவ்வளவு தூரம் செல்லும் என்பதையே அறிய விரும்பினர். ‘இதனால் வரும் பயன் யாது?’ என்று அன்று எவரேனும் கேட்டிருப்பின், அவரால் ஒரு விடையும் கூறியிருக்க முடியாது. விடை வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. வந்தபோது அது கல்முனைக் கரைக்கும் வந்தது. நம் பிள்ளைகள் குளத்தங்கரையிலோ உப்பளத்திலோ குனிந்து நின்று பயனற்றதொன்றைப் பார்த்துக்கொண்டிருப்பின், அவர்களைக் கடிந்து அழையாது, சற்று நேரம் பார்க்க விடுதல் பெற்றோர்க்கு நன்று.